டர்பன் ஈரக்காத்துல 12 இன்ச் டெலஸ்கோப் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

டோங்காட்டில இருந்து:

எல்லாரும் அழகழகா நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படம் போடுறீங்க, அதுக்குப் பின்னாடி எத்தனை ராத்திரி வீணாப்போச்சுன்னு யாரும் எழுத மாட்டேங்குறீங்க, சரி நானே ஆரம்பிக்கிறேன். என்கிட்ட இருக்கிறது 12 இன்ச் நியூட்டோனியன் (கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்), எஃப்/4 (குவியதூரம் கண்ணாடி அகலத்தைப் போல நாலு மடங்கு), ட்ரஸ் ட்யூப் (மூடின குழாய்க்குப் பதிலா கம்பிச் சட்டம்), தென்னாப்பிரிக்கால டர்பனுக்கு வடக்க, டோங்காட்ல எங்க வீட்டுப் பின்கட்டுல வெச்சிருக்கேன், கடல் பக்கத்துலயே. இடம்னு பார்த்தா வரம்தான். டர்பன் தெற்கு அட்சரேகை 30 டிகிரி, பால்வெளியோட மையம் மைனஸ் 29ல இருக்கு, அதனால ஜூன் கடைசில நடுராத்திரிக்கு அது நேரா உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும், சென்னைல இருக்கிற என் மச்சான் அதையே தெக்கால பாதி உயரத்துலதான் பார்க்குறான்.

ஆனா இந்த ஈரம் இருக்கே. ட்ரஸ் ட்யூப்ங்கிறதால செகண்டரி மிரருக்கு (மேல் முனைல இருக்கிற சின்னக் கண்ணாடி) மறைப்பே கிடையாது, முதல்ல பனி பிடிக்கிறது அங்கதான், மானிட்டர்ல நட்சத்திரத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு ஒளிவட்டம் வர ஆரம்பிச்சா புதுசா ஏதோ நெபுலா மாட்டிருச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, அது பனி. ஹீட்டர் பட்டை ஒட்டினா பனி போயிரும், கொஞ்சம் சூடு கூடிட்டா ட்யூப்புக்குள்ளயே காத்து அலைய ஆரம்பிச்சுரும். அதுபோக பெரிய மிரர் பகல் சூட்டை லேசுல விடாது, ஃபேன் போட்டு ரெண்டு மணி நேரம் ஆறவிட்டாதான் நட்சத்திரம் புள்ளியா நிக்கும், அதுக்குள்ள கடல்ல இருந்து மேகம் ஏறி வந்துரும்.

அப்புறம் கரும்பு. ஏப்ரல் வாக்குல வெட்டு ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் போகும், வெட்டுறதுக்கு முன்னாடி தோகையைக் கொளுத்துவாங்க, கொடில காயுற துணி மேல கருப்பு சாம்பல் விழுறதைப் பத்தி இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே சாம்பல் மிரர் மேல விழுந்தா துணியால துடைக்கவே கூடாது, கோட்டிங் கீறிரும். கழட்டி டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி, சாய்ச்சு வெச்சு காயவிட்டு, திரும்ப மாட்டி, கொலிமேஷன் (ரெண்டு கண்ணாடியையும் நேர்படுத்துறது) முதல்ல இருந்து. எஃப்/4ல கொலிமேஷன் துளி நகர்ந்தாலும் ஒரு மூலைல நட்சத்திரம் எல்லாம் வால் முளைச்சு நிக்கும்.

குளிர்காலத்துல பெர்க் விண்ட் அடிக்கிற ராத்திரி இன்னொரு கூத்து. மலைப்பக்கத்துல இருந்து சூடா வறண்டு இறங்குற காத்து, ஈரம் சுத்தமா போயிரும், வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், நட்சத்திரம் மட்டும் கொதிக்கும், நீளமான ட்யூப் காத்துல ஆடி கைடிங் கிராஃப் (டெலஸ்கோப் நட்சத்திரத்தை எவ்வளவு சரியாத் தொடருதுன்னு காட்டுற கோடு) மேலயும் கீழயும் குதிக்கும். அதுக்கு அடுத்து தென்மேற்குக் காத்து திரும்பி தாழ்வான மேகத்தைக் கொண்டாந்து மூடிரும்.

பெரிய டெலஸ்கோப் வாங்கிட்டா மோசமான வானத்துலயும் சமாளிக்கலாம்னு கடைல சொல்றாங்க, என்னால ஒத்துக்க முடியலை. என்னோடது 1220 எம்எம் குவியதூரம், 3.76 மைக்ரான் பிக்ஸல், ஒரு பிக்ஸலுக்கு சுமார் 0.64 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு) வருது, இங்க ஸீயிங் (காத்து அலையுறதால நட்சத்திரம் பரவுற அளவு) 3, 4 ஆர்க் செகண்ட் போனா ஒவ்வொரு நட்சத்திரமும் அஞ்சாறு பிக்ஸலுக்குப் பரவிக் கெடக்கும். அந்த ராத்திரில 80 எம்எம் ரிஃப்ராக்டர்ல (லென்ஸ் வெச்ச சின்ன டெலஸ்கோப்) கரீனா நெபுலாவை எடுங்க, முழுசா அடங்கும், பார்க்கவும் நல்லாருக்கும். 1751ல கேப் டவுனுக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லகாய் அரை இன்ச் லென்ஸ், எட்டு மடங்கு பெருசாக்குற குழாய் ஒண்ணை வெச்சே கிட்டத்தட்ட பத்தாயிரம் நட்சத்திரத்தை அளந்து, 47 டுகானே நட்சத்திரக் கூட்டத்தையும் டாரண்டுலா நெபுலாவையும் பட்டியல்ல சேர்த்துட்டுப் போயிட்டாரு. கேமரா இல்லாத காலம், அதனால ஒப்பிடக்கூடாதுதான், இருந்தாலும் எரிச்சலா இருக்கு.

ஜோபர்க்ல இருந்து:

அண்ணா, ஈரம் உங்களுக்கு, எங்களுக்குப் புகையும் தூசியும். இங்க ஜோஹன்னஸ்பர்க்ல 1700 மீட்டர் உயரம், குளிர்காலத்துல மாசக்கணக்கா மழை கிடையாது, மேகமே இல்லாத ராத்திரி எத்தனை வேணாலும் கிடைக்கும், ஆனா காஞ்ச புல்லு எரியுற புகை அந்தக் குளிர்ல மேல ஏறாம தரையோட படுத்துக்கும், அடிவானத்துல இருந்து 30 டிகிரி வரைக்கும் எடுத்தா எல்லாமே பழுப்பா வருது. கோடைல கேக்கவே வேணாம், சாயங்காலம் ஆனா இடி மின்னல். 2023ல லோட் ஷெட்டிங் (முறைவெச்சு கரண்ட் கட்) உச்சத்துல இருந்தப்போ எங்க ஏரியா இருட்டானதும் ஆகா இதுதான் சான்ஸ்னு மவுண்டை (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புற மேடை) பேட்டரில ஓட்டினா, பக்கத்து வீட்டுல ஜெனரேட்டர் போட்டு செக்யூரிட்டி லைட்டை நேரா என் சுவர் மேல அடிச்சாங்க, திருட்டு பயம், சொல்லவும் முடியாது.

கேப் டவுன்ல இருந்து:

சதர்லாந்து ஊருக்குப் போய் அங்க இருக்கிற ஆராய்ச்சி டெலஸ்கோப் சால்ட்டைப் பார்த்துட்டு வந்தா மனசு கொஞ்சம் ஆறும். 11 மீட்டர் அகலம், 91 அறுகோணக் கண்ணாடி, 2005ல திறந்தது, ஆரம்ப வருஷங்கள்ல அதுலயே படம் ஓரத்துல கெட்டு வந்துச்சு. மேல மாட்டியிருந்த கரெக்டர் (படத்தோட பிழையைச் சரிசெய்யுற பாகம்) டெலஸ்கோப்போட சேர்ற இடத்துல, வெப்பநிலை மாறும்போது அழுத்தம் ஏறினதுதான் காரணமாம், மொத்தமா இறக்கி வேலை பார்த்துதான் சரிபண்ணாங்க. 1800 மீட்டர் உயரத்துல காரூங்கிற வறண்ட பிரதேசத்துக் காத்துல அவங்களுக்கே இந்தக் கதின்னா நீங்க கடற்கரைல என்ன பண்ணுவீங்க.

எனக்குப் பெரிய தலைவலி போலார் அலைன்மெண்ட், அதாவது மவுண்டோட அச்சை வானத் துருவத்துக்கு நேரா வெக்கிறது. வடக்க இருக்கிறவங்களுக்கு துருவ நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கு, நமக்கு சிக்மா ஆக்டான்டிஸ்ங்கிற மங்கலான நட்சத்திரம்தான், 5.4 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்), துருவத்துல இருந்து ஒரு டிகிரி தள்ளி, நகர வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது. கேமரால படம் எடுத்து பிளேட் சால்வ் (படத்துல இருக்கிற நட்சத்திரத்தை வெச்சு எங்க பார்க்குதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது) பண்ணி அலைன் பண்றதுதான் எனக்குச் சுலபமான வழி, டோங்காட் அண்ணன் என்ன பண்றீங்க?

டோங்காட்டில இருந்து:

நானும் பிளேட் சால்வ்தான் தம்பி. வீட்டுல போலார் அலைன்மெண்ட் ஒரு தடவை போட்டதோட சரி, பக்கில (பிக்கப் வண்டி) ஏத்தி அண்டர்பர்க் போறப்போதான் ரோதனை. ஜூலை அமாவாசைக்கு மறுபடி போறேன், அங்க மலையடிவாரம், ஈரம் கம்மி, உறைபனில பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும். பக்கில ஒருத்தருக்கு இடம் இருக்கு, வர்றவங்க எக்ஸ்ட்ரா பேட்டரியும் கனமான ஜாக்கெட்டும் எடுத்துட்டு வாங்க.