பீக்-அ-பூவிலிருந்து ஸ்பூக்கிக்குச் செல்லும் மேட்டு வழி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலான்டே ஊருக்குத் தென்கிழக்கே உள்ள டிரை ஃபோர்க் பகுதியில், பீக்-அ-பூ என்னும் குறுகிய பாறைப் பிளவின் வழியே மேலேறி, திறந்த மணற்பரப்பைக் கடந்து, ஸ்பூக்கி என்னும் மற்றொரு பிளவின் தலைப்பகுதியை அடைந்து அதன் வழியே கீழிறங்கத் திட்டமிட்டுள்ளேன். பிளவுகளுக்குள் செல்வதில் எனக்குக் குழப்பமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நடைதான் கவலை தருகிறது.

அங்கே கற்குவியல் அடையாளங்கள் உண்டு என்றாலும், எவர் வேண்டுமானாலும் அடுக்கிவிடக்கூடியவற்றை மட்டும் நம்பி நடக்க எனக்கு விருப்பமில்லை. வரைபடமும் முழுத் துணையாகாது: ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு 40 அடி எனில், 30 அடிச் செங்குத்துப் பாறை அதில் தெரியாமலே போகலாம். பிளவுக்குள் வானம் பெரிதும் மறைந்துவிடுவதால் ஜிபிஎஸ் காட்டும் இடமும் பிறழக்கூடும் என்பதால், மேலே வந்த பிறகே அதைச் சரிபார்க்க எண்ணியிருக்கிறேன்.

கறுத்துப் புடைத்திருக்கும் உயிர்மண் படலத்தை (நுண்ணுயிர்கள் பிணைத்து உருவாக்கும், எளிதில் சிதையும் மண்மேற்பரப்பை) மிதிக்காமல், வெற்றுப் பாறையிலும் ஓடை மணலிலும் மட்டுமே கால்வைத்துச் செல்லும்படி வழி தொடர்ச்சியாக அமைகிறதா? ஸ்பூக்கியின் தலைப்பகுதியைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண எந்த நிலக்குறியைக் கவனிக்க வேண்டும்? வழி தவறினால், பீக்-அ-பூவுக்குள் மீண்டும் இறங்காமல் டிரை ஃபோர்க் ஓடைக்குத் திரும்ப இயலுமா? (திடீர் வெள்ளம் மிகுந்த ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்த்தே செல்கிறேன்.) நேரில் நடந்தவர்கள் திசைகாட்டிக் கோணங்களுடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.