ஆச்சி வீடு (குடும்பக் குழு)

பெரியப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு ஆச்சிக்கு வருட நினைவு. எட்டரைக்கு ஆராதனை, அதில் ஸ்தோத்திர ஜெபம். எத்தனை பேர் வருகிறீர்கள்? சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.

சென்னை சித்தி: ஆராதனை லைவ் லிங்க் போடுங்கள் அத்தான்.

துபாய் ஜெபா: எனக்கும். இங்கே அப்போது காலை 7 மணி.

பெங்களூரு செல்வின்: லிங்க் +1

பெரியப்பா: மூன்று பேரும் லிங்க்தான் கேட்கிறீர்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரல் 12 ஈஸ்டருக்குக் கோவில் பூட்டிக்கிடந்தது. நம் சபைப் போதகர் ஐயர் தனியாக நின்று போனைப் பார்த்து ஆராதனை நடத்தினார். அன்று லைவ் இல்லாவிட்டால் நமக்கு ஈஸ்டரே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 1 முதல் எல்லாக் கோவிலையும் திறக்க அரசு அனுமதித்தது. ஆனால் நம் சபையில் பலர் திரும்பி வரவே இல்லை. போன ஞாயிறு பாடகர் குழுவில் நான்கே பேர். ஆச்சி உட்காரும் மூன்றாம் பெஞ்சு காலி. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய கோவில் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருடம்! கூடி உட்காரத்தானே அவ்வளவு பாடுபட்டார்கள்? சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்கிற எபிரெயர் 10:25 வாசியுங்கள்.

செல்வின்: மத்தேயு 18:20 பெரியப்பா. இரண்டு மூன்று பேர் போதுமே.

பெரியப்பா: அதிலும் ‘கூடியிருக்கிறார்களோ’ என்றுதான் இருக்கிறது தம்பி.

மாமா: மட்டனா, சைவமா?

மேலத்தெரு அத்தை: அண்ணாச்சி, சபைக் கமிட்டியில் லைவை நிறுத்தப் பேச்சு நடக்கிறதாமே. அப்படிச் செய்துவிடாதீர்கள். இடுப்பு ஒடிந்த பிறகு எனக்கு இந்தப் போன்தான் கோவில். கீர்த்தனை பாடும்போது நானும் கூடவே பாடுகிறேன்.

பெரியப்பா: உனக்கு லைவ் வேண்டும்மா. கமிட்டியில் சொல்கிறேன். நற்கருணை அப்பமும் ரசமும் கொடுக்க ஐயரை வீட்டுக்கு அழைத்து வருகிறேன். நடக்க முடிகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

சித்தி: ஆச்சி அடக்கத்துக்கு வந்தபோது வீட்டுச் சாவி கிடைக்காமல் திசையன்விளையில் லாட்ஜில் தங்கினோம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அத்தான்.

பெரியம்மா: சாவி என்னிடம் இருந்தது. நீ கேட்கவில்லை.

மாமா: அதை இப்போது ஏன்? மட்டனா, சைவமா?

ஜெபா: ஆச்சி போட்டோ யாரிடமாவது இருக்கிறதா? வெள்ளைச் சேலை கட்டியது.

செல்வின்: ஊரில் வேலை இருந்தால் வராமலா இருப்போம் பெரியப்பா? என் வயதுப் பையன்கள் எல்லாரும் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட்டார்கள்.

பெரியம்மா: பெங்களூரிலும் கோவில் இருக்கிறதே மக்கா. போகிறாயா?

செல்வின்: கிறிஸ்துமஸுக்குப் போனேன்.

பெரியப்பா: ஆச்சி பெட்டியைத் தூக்க நம் ஆள் போதவில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் தோள் கொடுத்தார்கள். பேரன்கள் நீங்கள் இரண்டு பேரும் லைவில் பார்த்தீர்கள். அது இன்னும் என் மனதில் கிடக்கிறது.

ஜெபா: எனக்கு லீவு கிடைக்கவில்லை பெரியப்பா. அன்று முழுக்க அழுதேன்.

பெரியப்பா: தெரியும் தம்பி. உன்னைக் குறை சொல்லவில்லை.

செல்வின்: வெள்ளி இரவு பஸ் பார்க்கிறேன். இன்னும் உறுதி இல்லை.

சித்தி: சாவி எங்கே இருக்கும் என்று சொன்னால் நாங்களும் யோசிக்கிறோம்.

பெரியம்மா: அடுக்களை ஜன்னலில் வைக்கிறேன்.

மாமா: அப்போ மட்டன் எத்தனை கிலோ?

மேலத்தெரு அத்தை: அண்ணாச்சி, லிங்க் எப்போது வரும்?