கிட் கார் வயரிங்: யாராவது கை கொடுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் வீட்டு கராஜில் 1980களின் டட்டன் ஃபேட்டன் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார்) ஒன்றைப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டுடையவை. அதெல்லாம் சரி, வயரிங்தான் உயிரை எடுக்கிறது.

பிரேக்கை மிதித்தால் இடது பின் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. பாடி ஃபைபர் கிளாஸ், மின்சாரம் கடத்தாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இழுத்து, சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி போல்ட் போட்டேன் (போன வாரம்தான் ஆசையாக அடித்த பெயிண்ட்!). மல்டிமீட்டரில் வலது எர்த்தில் 0.1 வோல்ட், இடதில் 3 வோல்ட் (பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது) காட்டுகிறது. இடது பல்பைக் கழற்றினால் ஹோல்டர் உள்ளே பச்சையாகத் துரு பூத்திருக்கிறது.

ஹோல்டரை மாற்றினால் போதுமா, இல்லை பின் விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் பாயிண்ட் கொடுத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.