எங்கள் ஊர்க் குளம் தேசியப் பதிவேட்டில் ஏன் இல்லை?

கேள்வி: குளத்துக்கரையான், சூலூர் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். நொய்யல் ராஜவாய்க்காலில் நீர் பெறும் ஒரு குளத்தை ஒட்டிக் குடியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக, ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் நானும் இரு நண்பர்களும் கரையைச் சுற்றி வந்து நீர்ப்பறவைகளை எண்ணிக் குறித்து வருகிறோம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, பொரி உள்ளான் போன்ற வலசைப் பறவைகளை ஒரு பக்கத்திலும், நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து ஆகியவற்றை மறுபக்கத்திலும் எழுதுகிறோம். சென்ற பருவத்தின் ஆறு எண்ணிக்கைகளையும் கூட்டினால் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலான ராம்சாரில் இடம்பெற 20,000 நீர்ப்பறவைகள் வேண்டும் என்று படித்திருக்கிறேன். வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும் அதில் இடம்பெற்றுவிட்டன. அப்படியிருக்க எங்கள் குளம் மட்டும் ஏன் விடுபட்டது? நாட்டளவில் இதற்கென்று ஒரே பதிவேடுதான் உள்ளதா? எங்கள் கணக்கை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மறுமொழி 1: நீர்க்கோழி, ஈரோடு

நான்கு ஆண்டுகள் விடாமல் எண்ணியிருக்கிறீர்கள் என்பதே பெரிய காரியம், ஐயா. ஆனால் மாத எண்ணிக்கைகளைக் கூட்டக் கூடாது. கார்த்திகையில் வந்த ஊசிவால் வாத்து மாசியிலும் அங்கேயே இருந்தால், அதே பறவையை நான்கு முறை எண்ணியதாகிவிடும். ஒரு பருவத்தில் ஒரே நாளில் கண்ட மிக அதிக எண்ணிக்கை எதுவோ, அதுவே அந்தப் பருவத்தின் எண்ணிக்கை. உங்கள் கணக்குப்படி அது மூவாயிரம், நாலாயிரம் அளவில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

அந்த 20,000 என்ற அளவுகோலுக்குள்ளும் 'வழக்கமாக' என்ற ஒரு சொல் இருக்கிறது. போதிய கணக்கு உள்ள பருவங்களில் மூன்றில் இரண்டு பங்கிலாவது அந்த எண்ணிக்கை எட்டப்பட்டிருக்க வேண்டும். பருவங்கள் மூன்றுக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத காலத்தின் பருவ உச்சங்களைச் சராசரி பார்த்தால் அந்த அளவு வர வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் வெறும் சேறாகவும், நல்ல ஆண்டில் கடல்போலவும் கிடக்கும் நம் கொங்குக் குளங்களுக்கு இந்தச் சொல்தான் தடைக்கல்.

ராம்சார் அளவுகோல்கள் மொத்தம் ஒன்பது. நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பவை அவற்றில் இரண்டே. ஒன்று நீங்கள் சொன்னது. மற்றொன்று, ஓர் இனத்தின் தனித்தொகையில், அதாவது அந்த இனத்தில் தனியாகக் கணக்கிடப்படும் ஒரு கூட்டத்தின் மொத்தப் பறவைகளில், நூற்றுக்கு ஒரு பங்கு வழக்கமாக ஓரிடத்தில் தங்குவது. தொகையே பத்தாயிரம் உள்ள பறவை என்றால், நூறு பறவைகள் போதும். ஆகவே, 'வாத்துகள் ஆயிரம்' என்று எழுதுவதைவிட இனவாரியாக எழுதுவதே உங்களுக்குப் பயன் தரும்.

பதிவேடு ஒன்றல்ல, ஒவ்வொன்றும் வேறொரு நோக்கத்துக்காக உருவானது. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட தேசிய ஈரநில நிலப்படத் தொகுப்பு, செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த நீர்ப்பரப்பை அளந்தது. அதில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை 2,01,503. அதற்குச் சிறியவை 5,55,557, அவையும் வெறும் புள்ளிகளாக. எந்தக் குளத்தில் எந்தப் பறவை இறங்குகிறது என்று அந்தப் படம் சொல்லாது. பறவைகளை முன்வைத்துத் தயாரானது, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முக்கியப் பறவை வாழிடப் பட்டியல். 2004இல் 466 இடங்களும் 2016இல் 554 இடங்களும் அதில் இருந்தன. மூன்றாவதான ராம்சார் பட்டியலுக்கு, மாநிலம் முன்மொழிந்து ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் நிரப்பும் அந்தப் படிவங்கள் இல்லையென்றால், எந்த இடம் முக்கியமானது என்று மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. உங்கள் ஜனவரி எண்ணிக்கையை மாநில ஒருங்கிணைப்பாளரிடம் ஆண்டுதோறும் ஒரே எல்லைக்குள், ஒரே முறையில் கொடுத்து வாருங்கள்.

மறுமொழி 2: மதகடி, காங்கயம்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பட்டியலில் ஏறினால் சட்டப் பாதுகாப்பும் தானே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளை 'ஈரநிலம்' என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. நம் முன்னோர் வெட்டிய குளங்களில் பெரும்பாலானவை எதற்காக வெட்டப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளோடும் நஞ்சராயனும் பறவைகள் சரணாலயங்கள் என்பதால், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அவற்றைக் காக்கிறது.

மறுமொழி 3: பல்லடத்துப் பார்வையாளர்

நீர்க்கோழி அவர்கள் சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நாம் ஏன் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்? காலையில் ஒரு குளத்தில் மேயும் வாத்துக் கூட்டம், கரையில் டிராக்டர் சத்தம் கேட்டதும் எழுந்து அடுத்த குளத்தில் இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பறவைக்கு நொய்யல் குளங்கள் ஒரே தொடர்தான். ஒன்றோடொன்று தொடர்புடைய சிறு நீர்நிலைகளை ஒரே தொகுதியாக முன்மொழிய ராம்சார் வழிகாட்டுதல்களிலும் இடமிருக்கிறது. ஆனால் எல்லாக் குளங்களையும் ஒரே காலையில், ஒரே நேரத்தில் எண்ணியாக வேண்டும். அதற்கு ஆள்பலம் வேண்டும்.

இன்னொன்று, நீர்மட்டத்தையும் குறியுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்களுக்குப் பவானியின் உபரிநீர் ஏற்றப்படுகிறது. உழவருக்கும் நிலத்தடி நீருக்கும் அது பெரும் பேறு. எங்கள் ஊர்க் குளம் நிறைந்தபோது நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் வந்தன. முந்தைய ஆண்டு கணுக்கால் சேற்றில் அலகைக் குத்திக் குத்தி மேய்ந்த உள்ளான்களைக் காணோம். உள்ளானுக்கு ஓரத்துச் சேறு வேண்டும், வாத்துக்கு ஆழமற்ற நீர் வேண்டும். எண்ணிக்கை குறைந்ததா, நீர் கூடியதா என்று பின்னாளில் படிப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

கேட்டவர்: குளத்துக்கரையான்

மூவருக்கும் நன்றி. குறிப்பேட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். நான்கு பருவங்களிலும் ஒரே நாளில் கண்ட அதிகபட்சம் 3,860. அதில் பாதிக்கு மேல் நாமக்கோழி. இருபதாயிரம் என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், அவர்களிடம் இனித் திருத்திச் சொல்ல வேண்டும்.

நீர்மட்டத்தை இதுவரை எழுதவே இல்லை. ஆனால் எங்கள் மதகுத் தூணில் அடிக்கணக்குக் கோடுகள் இருக்கின்றன. வாய்க்கால் பார்க்கும் பெரியவரிடம் கேட்டதற்கு, "போன தையில நாலாவது கோட்டுக்கு நின்னுதுங்க, முந்தின தையில ரெண்டுதானுங்க" என்றார். அதையே முதல் பதிவாக எழுதி வைத்துவிட்டேன். வரும் ஜனவரியில் ஒரே காலையில் எண்ண, இருகூரிலிருந்து மங்கலம் வரை ஒவ்வொரு குளத்துக்கும் இரண்டு பேர் தேவை. பைனாகுலர் இல்லாதவர்களும் வரலாம், எங்களிடம் மூன்று இருக்கின்றன.