வெளியீடு வெறுமையாக இருந்தது, தணிக்கை பச்சை காட்டியது

பதிவு 1

எல்லோரும் எழுதக்கூடிய கோப்புகள் எந்த சர்வரிலும் இருக்கக் கூடாது என்பதைச் சோதிக்க, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் வெளியீடு வெறுமையாக இருக்க வேண்டும் என்று, சர்வர்களைத் தானாகத் தணிக்கை செய்யும் கருவியான இன்ஸ்பெக்கில் எழுதியிருந்தேன். பல மாதங்கள் அது பச்சையாகவே, அதாவது தேர்ச்சி என்றே, வந்தது. ஒரு நாள் வேறு வேலையாக, தணிக்கைக்கென்று வைத்திருந்த அதே பயனர் கணக்கில் நுழைந்து அக்கட்டளையைக் கையால் தட்டியபோது, திரை முழுவதும் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுப்பு) வரிகள் ஓடின. அவை அத்தனையும், பிழைச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள பிழை வெளியீட்டுக்குப் போனவை. நான் சோதித்துவந்த வழக்கமான வெளியீட்டில் ஓர் எழுத்தும் இல்லை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் உரிமையோடு மீண்டும் ஓட்டியதும், ரூட்டின் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) நாள்தோறும் இயக்கிவந்த காப்புப்பிரதி ஸ்கிரிப்ட் ஒன்று, யார் வேண்டுமானாலும் திருத்தும் நிலையில் கிடந்தது. உள்ளே நுழையவே முடியாத அடைவுகளைத் தூய்மையானவை என்று நான் ஒப்பமிட்டு அனுப்பிய அறிக்கைகள் இன்றும் உறுத்துகின்றன.

பதிவு 2

கட்டளை முடிந்ததும் தரும் எண்ணான எக்ஸிட் ஸ்டேட்டஸ் 0 ஆக (பிழை இல்லை என்று பொருள்) இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், ஏனெனில் அடைவைப் படிக்க முடியாதபோது ஃபைண்ட் 0 தருவதில்லை. பழைய தொலைநுழைவு முறையான டெல்நெட்டின் 23ஆம் போர்ட்டைத் திறக்கும் விதி இல்லை என்று நாங்கள் நம்பியிருந்த சர்வரில், ஃபயர்வால் விதிகளைப் பட்டியலிடும் கட்டளையே நிறுவப்படவில்லை என்பது, கட்டளை கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும் 127 என்ற எண் வந்ததால்தான் பிடிபட்டது. அந்த ஒரு வரி போதும்.

பதிவு 3

போதாது; அந்த வரியை நம்பித்தான் நான் ஏமாந்தேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச் வழியாக ரூட் நுழைய அனுமதி இல்லை என்பதைக் காட்ட, அதன் சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டி தரும் அமைப்புப் பட்டியலை, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப் மூலம், பொருந்தும் வரிகளைத் தேடும் கிரெப்புக்கும் அங்கிருந்து வரிகளை எண்ணும் கட்டளைக்கும் அனுப்பியிருந்தேன். தணிக்கைக் கணக்கின் பாத்தில் (கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல்), நிர்வாகக் கட்டளைகள் உள்ள எஸ்பின் அடைவு இல்லாததால் முதல் கட்டளையே கிடைக்கவில்லை. ஆனால் பைப்பில் கடைசிக் கட்டளையின் நிலைதான் மிஞ்சும் என்பதால் 127 மறைந்து, எண்ணிக்கையும் 0, எக்ஸிட் ஸ்டேட்டஸும் 0 என்று வந்தது.

பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதையும் தோல்வி ஆக்கும் பைப்ஃபெயிலை இயக்கலாம் என்று யாரேனும் சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: கிரெப் எதையும் காணாதபோது 1 தரும், பிழை நேர்ந்தால் 2 தரும்; எனவே பைப்ஃபெயில் இருந்தால் குற்றமற்ற சர்வரும் சிவப்பாகிவிடும். பைப்பை விட்டுவிட்டு, முழு வெளியீட்டையும் ரூட் உரிமையோடு பெற்று, ரூட் நுழைவுக்கு அனுமதி இல்லை எனச் சொல்லும் ‘பெர்மிட்ரூட்லாகின் நோ’ என்ற வரி இருக்க வேண்டும் என்று நேர்மறையாகச் சோதியுங்கள். கட்டளை ஓடாவிட்டால் அந்த வரி இராது, சோதனை தோற்கும். சர்வருக்கு சர்வர் மொழி அமைப்பு மாறினால் சில கட்டளைகளின் சொற்களும் மாறிவிடும் என்பதால், மொழி அமைப்பைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் மாறியை, எங்கும் ஒன்றேயான இயல்பு அமைப்பான சி என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

பதிவு 4

முதல் பதிவைப் படித்துவிட்டுப் பிழை வெளியீடு எங்கும் வெறுமையாக இருக்க வேண்டும் என்று பொது விதி வகுத்துவிடாதீர்கள். நாங்கள் வகுத்தோம், அன்றிரவே ஜாவா இருந்த சர்வர்கள் எல்லாம் சிவப்பாயின. ஜாவாவின் பதிப்பைக் கேட்கும், ஒற்றைக் கோடிட்ட வெர்ஷன் கட்டளை (-version), பதிப்பு எண்ணையே பிழை வெளியீட்டில்தான் எழுதுகிறது. ஜாவா 9 முதல் கிடைக்கும் இரட்டைக் கோட்டு வடிவம் (--version) வழக்கமான வெளியீட்டில் எழுதும் என்றாலும், எங்களிடம் இன்னும் ஜாவா 8 இருப்பதால், அந்தச் சோதனை மட்டும் பிழை வெளியீட்டைப் படிக்கிறது.