நெறி கட்டினா டி.பி.தானா? லிம்போமாவைப் பார்த்தவங்க சொல்றாங்க

வைகைக்கரை:
தங்கச்சிக்குக் கழுத்துல நெறி கட்டுச்சு. வலியே இல்ல. சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரியில துணி நனையுற அளவுக்கு வேர்வை, எடையும் இறங்கிட்டே போச்சு. நம்ம ஊர்ல இதுக்கு முதல்ல டி.பி.ன்னுதான் தோணும். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தாங்க, தெளிவா ஒண்ணும் வரல. இருந்தாலும் டி.பி. மாத்திரை ஆரம்பிச்சாங்க. கட்டி அசையல.

வேற டாக்டர்தான் கட்டியை முழுசா வெட்டி எடுத்து பயாப்சி பண்ணச் சொன்னார். ஹாட்ஜ்கின் லிம்போமா. லிம்போமான்னா நிணநீர் மண்டலத்துல வர்ற கேன்சர்; ஹாட்ஜ்கின் அதுல ஒரு வகை. இதுல ரீட்-ஸ்டெர்ன்பெர்க்னு ஆந்தைக் கண்ணு மாதிரி செல்லுங்க இருக்கும், ஆனா ரொம்பக் கொஞ்சம். மத்ததெல்லாம் சுத்தி நிக்கிற சாதாரண செல்லுங்க. ஊசி நுனியில வர்ற துளியில அது எங்க சிக்கும்? அப்புறம் சிடி30, சிடி15ன்னு செல்லு மேல இருக்கிற அடையாளப் புரதங்களைப் பார்க்கிற டெஸ்ட்ல உறுதியாச்சு. பெட் ஸ்கேன்ல நெஞ்சுக்குள்ளயும் கட்டி. ஸ்டேஜ் 2பி, அந்த ‘பி’ காய்ச்சல், வேர்வை, எடைக்குறைவைக் குறிக்குது.

ஏபிவிடின்னு நாலு மருந்து சேர்ந்த கீமோ, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. டாக்ஸோரூபிசின் ஏறினா சிறுநீர் சிவப்பா போகும், பயப்படாதீங்க. ப்ளியோமைசின் நுரையீரலைத் தாக்கலாம்; வறட்டு இருமல் வந்தா உடனே சொல்லிடணும். ரெண்டு சைக்கிள் முடிஞ்சு ஸ்கேன் சுத்தமா வந்ததும் ப்ளியோமைசினை மட்டும் நிறுத்திட்டாங்க. இதுல வின்பிளாஸ்டின் நம்ம நித்தியகல்யாணியில கிடைச்ச மருந்து. அதுக்காக யாரும் இலையை அரைச்சுக் குடிச்சிடாதீங்க, விஷம்.

டெல்டாக்காரன்:
அப்பாவுக்கு வந்தது நான்-ஹாட்ஜ்கின், அதுல டிஎல்பிசிஎல்னு வேகமா வளர்ற ரகம். அக்குள்ல சில வாரத்துலயே எலுமிச்சை அளவு ஆயிடுச்சு. செல்லு மேல சிடி20ங்கிற புரதம் இருந்துச்சு, அதனால அதைக் குறிவைக்கிற ரிட்டுக்ஸிமாபும் கீமோவும் சேர்ந்த ஆர்-சாப், 21 நாளைக்கு ஒருக்கா, மொத்தம் 6. ரிட்டுக்ஸிமாப் போடுறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் கட்டாயம் எடுக்கணும். உள்ள பதுங்கியிருக்கிற வைரஸ் கிளம்பிடும். முதல் டிரிப்புல அப்பாவுக்கு நடுக்கம் எடுத்துச்சு, வேகத்தைக் குறைச்சதும் அடங்கிச்சு. எங்களை நிஜமா படுத்துனது ஸ்டீராய்டு மாத்திரைதான். சுகர்காரர் வேற, இன்சுலினுக்கு மாத்தவேண்டியதாச்சு. வின்கிறிஸ்டினால விரல் மரத்துப்போய் சட்டைப் பட்டன் போட முடியல. கரண்ட் வைக்க (கதிர்வீச்சு) தேவைப்படல.

வைகைக்கரை:
@டெல்டாக்காரன் சுகர் விஷயம் பலருக்கு உதவும். கல்யாணம் ஆகாத பசங்களுக்கு இன்னொண்ணு: விந்தணு, கருமுட்டை சேமிக்கிறதைப் பத்தி கீமோவுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. நாங்க கேட்டோம்.

பொருநை:
எங்க அத்தை கதை தலைகீழ். ஃபாலிகுலர் லிம்போமா. தொந்தரவு இல்லாததால மருந்தே வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா வாங்கன்னுட்டாங்க. சொந்தக்காரங்க குதிச்சாங்க: “கேன்சரை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிறதா?” மெதுவா வளர்ற ரகத்துல சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சவங்க கூடுதலா வாழ்றதில்லைன்னு டாக்டர் பொறுமையா விளக்கினார். கட்டி வேகமா பெருத்தாலோ, ரத்த அணுக்கள் குறைஞ்சாலோ, காய்ச்சல் விடாம அடிச்சாலோ தவணைக்குக் காத்திருக்காம வரச் சொல்லியிருக்கார். அத்தை இப்பவும் தினம் கடைக்குப் போறாங்க.