பிஸ்டல் பிரேஸ் பதிவு பற்றி உதவி தேவை (டெக்சாஸ்)

வணக்கம். என் ஏ.ஆர். பிஸ்டலின் (ஏ.ஆர்-15 ரைபிள் வடிவில் செய்த கைத்துப்பாக்கி) பின்பக்கம், முன்கையில் வார் போட்டுக் கட்டிக்கொள்ளும் பிரேஸ் இருக்கிறது. குழல் 10.5 அங்குலம். 2023 ஜனவரியில் ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க ஃபெடரல் அமைப்பு) கொண்டுவந்த விதிப்படி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு இப்படி பிரேஸும் இருந்தால் பெரும்பாலும் அது குட்டைக்குழல் ரைபிள், அதாவது ஏ.டி.எஃப்.-இல் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டிய வகை. ஒரு திருகுகூட மாற்றாத பிஸ்டல், சட்டப்படி ரைபிள் ஆகிவிட்டது. பயந்துபோய் மே 31 கெடுவுக்குள், வழக்கமான பதிவு வரி இல்லாமல், பதிவு செய்தேன். 2024 ஜூனில் இங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. பதிவு மட்டும் என் பெயரில் அப்படியே நிற்கிறது.

இப்போது வேலை மாற்றலாகி டென்னசி போகிறோம். குட்டைக்குழல் ரைபிளை மாநிலம் தாண்டி எடுத்துப்போக ஏ.டி.எஃப். முன் அனுமதி வேண்டும், பிஸ்டலுக்கு வேண்டாம். என்னுடையது எந்தக் கணக்கில் வரும்? பதிவை நீக்கச் சொல்லி எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? துப்பாக்கிச் சட்டம் நன்றாகத் தெரிந்த வக்கீல் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த மாதம் கிளம்புகிறோம், தயவுசெய்து.